குட்டை பிர்ச் மரம் நம்ம ஊர் வாசலில் வருமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை பேரூர் பக்கம் சின்னதாக ஒரு நர்சரி வைத்திருக்கிறேன். திருப்பூரிலிருந்து பனியன் ஆர்டர் விஷயமாக ஜெர்மனி, ஸ்வீடன் என்று போய்வருகிறவர்களில் யாராவது ஒருவர் வருஷா வருஷம் போனை நீட்டுவார். படத்தில் ஒரு வீட்டு வாசலில் ஆள் உயரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஒரு மரம் நிற்கும். தண்டு வெள்ளை, கிளையெல்லாம் தலையை விரித்துப் போட்ட மாதிரி தரை வரைக்கும் தொங்கும். "இதே மாதிரி ஒண்ணு வேணுங்க. மூணு சென்ட் மனை, முன்னாடி பத்தடி இடம் இருக்குது" என்பார். அப்புறம் வரும் கேள்விகள் எப்போதும் ஏறக்குறைய இவைதான்.

படத்தில் இருப்பது என்ன மரம்? குட்டை பிர்ச் என்பது ஒரே ரகமா?

இல்லை. குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. தொங்கும் கிளையோடு குடை மாதிரி நிற்பது, குளிர்நாட்டு மரமான வெள்ளி பிர்ச்சின் ஒரு ரகம். யங் பிர்ச் என்பார்கள். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் நர்சரி வைத்திருந்த யங் என்பவரின் பெயர்தான் அதற்கு வந்தது. சாதாரண வெள்ளி பிர்ச் 20 மீட்டருக்கு மேல் போகும். யங் ரகத்துக்கு நேராக மேலே போகும் நடுத்தண்டு கிடையாது. அதனால் நெட்டையான வேறொரு பிர்ச் தண்டில் ஒட்டுக் கட்டுவார்கள். எந்த உயரத்தில் ஒட்டுக் கட்டினார்களோ, அங்கிருந்து கிளை கீழே சரியும். குட்டை என்றாலும் பத்து இருபது வருஷத்தில் நாலைந்து மீட்டர் உயரமும் கிட்டத்தட்ட அதே அகலமும் வரும்.

உண்மையிலேயே குட்டை பிர்ச் என்று தாவரவியலில் பெயர் வாங்கியது வேறு இனம். வடதுருவத்தை ஒட்டிய பனி நிலத்தில் முழங்கால் உயரப் புதராகப் படர்ந்து கிடக்கும். ஒரு மீட்டரைத் தாண்டுவது அபூர்வம். இலை ஒரு ரூபாய்க் காசைவிடச் சின்னது, வட்டமாக, ஓரத்தில் பல் வெட்டிய மாதிரி இருக்கும். அதற்கு வெள்ளைத் தண்டே கிடையாது, பழுப்புதான். பேரைப் பார்த்து வாங்கிவிட்டு வெள்ளைத் தண்டுக்காகக் காத்திருந்தால் காலம் முழுக்கக் காத்திருக்க வேண்டியதுதான்.

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் பக்கம் மண்ணில் வைத்தால் வருமா?

வராது. வியாபாரம் போனாலும் பரவாயில்லை என்றுதான் சொல்கிறேன்.

வெயில் மட்டும் காரணமில்லை. வெயிலுக்கு நிழல்வலை கட்டலாம். பிர்ச்சுக்கு வருஷத்தில் சில வாரமாவது உறைநிலையை ஒட்டிய குளிர் வேண்டும். அந்தக் குளிரில்தான் மொட்டு தூங்கும், தூங்கி எழுந்தால்தான் அடுத்த தளிர் ஒழுங்காக விடும். கோவையில் மார்கழி ராத்திரியிலும் 15 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஊட்டி பிளம்ஸும் பேரிக்காயும் நம்ம தோட்டத்தில் காய்ப்பதில்லையே, அதே கதைதான் இதுவும்.

யாரும் யோசிக்காத இன்னொரு காரணம் பகல் நேரம். பிர்ச் வட ஐரோப்பா பக்கத்து மரம். கோடையில் 17, 18 மணி நேரம் வெளிச்சம் இருக்கிற இடத்தில் வளர்ந்து பழகியது. பகல் சுருங்கினால் குளிர்காலம் வருகிறது என்று எடுத்துக்கொண்டு நுனி மொட்டை மூடிக்கொள்ளும். நமக்கோ ஆனி மாதத்தில்கூட பகல் 13 மணி நேரத்தைத் தொடாது. நாம் தண்ணீரும் எருவும் போட்டுக் கும்பிட்டாலும் செடி "சரி, தூங்கற நேரம்" என்று நினைத்துக்கொண்டு நிற்கும்.

மண்ணும் தோதில்லை. பிர்ச்சுக்குக் கொஞ்சம் புளிப்புத் தன்மையான மண் பிடிக்கும். நம்ம பக்கம் பல இடத்தில் நாலடி தோண்டினால் சுண்ணாம்புக் கல்தான் வருகிறது.

நீங்கள் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா, இல்லை கேள்வி ஞானமா?

வைத்துப் பார்த்துத்தான் சொல்கிறேன். வெளிநாட்டிலிருந்து விதையாக வந்தது. வெள்ளி பிர்ச் விதை என்றால் கையில் எடுக்கவே முடியாது. கொசுவின் உடம்பு அளவுதான், இரண்டு பக்கமும் கண்ணாடித்தாள் போல இறகு. மூச்சு விட்டால் பறந்துவிடும். ஈர மணலில் கலந்து ஒரு டப்பாவில் போட்டு, பிரிட்ஜில் கறிவேப்பிலை டப்பாவுக்குப் பக்கத்தில் ஆறு வாரம் வைத்தேன். வீட்டில் ஒருநாள் அதை ரவை என்று எடுத்துவிட்டார்கள், நல்லவேளை கடாயில் போடவில்லை.

அப்புறம் தட்டில் மண்ணுக்கு மேலேயே தூவினேன். மூடக் கூடாது, வெளிச்சம் பட்டால்தான் நன்றாக முளைக்கும். நாற்பதுக்குப் பதினொன்று முளைத்தது. நாலு மாதத்தில் மூன்று அங்குலம் வந்து, நுனி மொட்டு பழுப்பாக மூடிக்கொண்டது. பங்குனியில் இலை ஓரம் தீய்ந்த அப்பளம் மாதிரி சுருண்டது. கத்திரி வெயிலில் ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்தன. அதற்கு முன்பே இரண்டு கன்றைக் கோத்தகிரியில் இருக்கும் மச்சினனிடம் கொடுத்திருந்தேன். அதில் ஒன்று இன்னும் இருக்கிறது. அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

ஏசி அறையில் வைக்கலாமா? தொட்டியில் ஐஸ் கட்டி போட்டால்?

வீட்டு ஏசி பெரும்பாலும் 16 டிகிரிக்குக் கீழே போகாது, வெளிச்சமும் போதாது, காற்றும் வறண்டது. ஐஸ் கட்டி வேரைத்தான் குளிர வைக்கும், மொட்டை அல்ல. இரண்டும் வேண்டாம்.

ஆன்லைனில் "குட்டை தொங்கு பிர்ச் விதை, 10 எண்ணம்" என்று விற்கிறார்களே?

அந்த ஒரு வரியிலேயே பொய் இருக்கிறது. தொங்கும் ரகம் விதையில் அதே குணத்தோடு வராது, ஒட்டுக் கட்டினால்தான் வரும். விதை நல்லதாகவே இருந்தாலும் அது நெட்டை மரமாகத்தான் போகும். வந்த பொட்டலத்தைப் பிரித்துப் பாருங்கள். சூரியகாந்தி விதை அளவிலோ கடுகு மாதிரி உருண்டையாகவோ இருந்தால் அது பிர்ச்சே இல்லை. எனக்கு ஒருமுறை நீல நிறப் பட்டையோடு படம் போட்டு ஒரு பொட்டலம் வந்தது. நீலப்பட்டை பிர்ச் என்று ஒன்று உலகத்தில் இல்லை. முளைத்து வந்தது ஏதோ கீரை. கடைந்து சாப்பிடலாமா என்றுகூட யோசித்தேன்.

வெளிநாட்டிலிருந்து கன்றையே பெட்டியில் கொண்டு வந்துவிட்டால்?

கூடாது. 2003ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி உயிருள்ள செடிக்கு முன்கூட்டியே இறக்குமதி அனுமதியும், அந்த நாட்டு அரசு கொடுக்கும் நோயில்லாச் சான்றிதழும் வேண்டும். விதைக்கும் விதி உண்டு. இரண்டும் இல்லாமல் வந்தால் விமான நிலையத்திலேயே பறித்து அழிப்பார்கள், அதுவும் நியாயம்தான். மாவுப்பூச்சி ஒன்று பப்பாளித் தோட்டங்களை என்ன பாடு படுத்தியது என்று நம்ம பக்கத்து விவசாயிகளைக் கேளுங்கள். அதுவும் வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கியதுதான்.

சரி, மலையில் வீடு இருக்கிறது. ஊட்டி, கோத்தகிரி, ஏற்காடு, வால்பாறை?

உயரத்தைப் பார்த்துப் பேசலாம். ஊட்டி 2,240 மீட்டர். மார்கழி, தையில் புல்லில் உறைபனி விழும். மண்ணும் புளிப்பு மண். முயற்சி செய்ய ஊட்டிதான் முதல் இடம். குன்னூரும் கோத்தகிரியும் 1,800 மீட்டரை ஒட்டி இருக்கின்றன, அங்கே பாதி நம்பிக்கை. ஏற்காடு 1,500 மீட்டர், கால் நம்பிக்கை. வால்பாறை ஆயிரம் மீட்டரைச் சற்றே தாண்டும். மழை கொட்டும், குளிர் போதாது. அங்கே வேண்டாம்.

ஊட்டியிலும் சிக்கல் உண்டு. ராத்திரி குளிர் கிடைக்கும், ஆனால் பகலில் நல்ல வெயில் அடித்து மொட்டை எழுப்பிவிடும். ஐரோப்பாவில் மாதக்கணக்கில் ராத்திரி பகல் இரண்டும் குளிர். அதனால் மலையில் பிர்ச் வைக்கிறவர்கள் ஐரோப்பாவில் வருகிற வளர்ச்சியை எதிர்பார்க்காமல் இருந்தால் மனசுக்கு நல்லது.

மலையில் தொட்டியில் வைப்பது எப்படி?

மச்சினன் வைத்திருக்கும் முறையைச் சொல்கிறேன். 200 லிட்டர் நீல டிரம்மைக் குறுக்கே வெட்டி, அடியில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு எட்டு ஓட்டை. மலை மண் இரண்டு பங்கு, இலைமக்கு ஒரு பங்கு, தேங்காய் நார்க்கழிவு ஒரு பங்கு. நார்க்கழிவு பொள்ளாச்சியிலிருந்து மூட்டையாக வாங்கினால் முதலில் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசிப் பிழிய வேண்டும். அதில் உப்பு இருக்கும், அலசாமல் போட்டால் பிஞ்சு வேர் கருகும். சுண்ணாம்பு, அடுப்புச் சாம்பல் இரண்டும் இந்தத் தொட்டிப் பக்கமே வரக் கூடாது. நல்லது செய்வதாக நினைத்து என் மாமியார் ஒரு கை சாம்பல் தூவினார். இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தது. மேல்மண்ணைச் சுரண்டி மாற்றிய பிறகுதான் தேறியது.

இடம் திறந்த வெளியாக இருக்கட்டும். நிழலில் வைத்தால் நூலாக நீளும். பிர்ச்சின் வேர் ஆழம் போகாது, மேலாகவே படரும். அதனால் மேல்மண் காய்ந்தால் உடனே வாடும். மழைக்காலத்தில் கவலை இல்லை, தை முதல் பங்குனி வரைக்கும்தான் கண்ணு மாதிரி பார்க்க வேண்டும். விரலை இரண்டு அங்குலம் மண்ணில் விட்டுப் பாருங்கள், ஈரம் தட்டாவிட்டால் ஊற்றுங்கள். அவன் மூடாக்குக்கு எஸ்டேட்டில் கிடைக்கும் சில்வர் ஓக் சருகு போடுகிறான். தண்டை ஒட்டிப் போடாமல் நாலு விரல் தள்ளிப் போட வேண்டும்.

தளிரின் அடியில் பச்சை நிறத்தில் அசுவினிப் பூச்சி கூட்டமாக உட்காரும். இலை பிசுபிசுக்கும், அப்புறம் கரும்பூசணம் படியும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்கு ஒரு சொட்டு சோப்புக் கரைசல், சாயங்காலம் இலையின் அடிப்பக்கம் படத் தெளித்தால் அடங்கும்.

அந்தக் கன்று இப்போது மூன்றாம் வருஷம், முழங்கால் உயரம். போன தையில் இலை மஞ்சளாகி உதிர்ந்தது. மாசிக் கடைசியில் மொட்டு திறந்தது. ஒரு கிளையில் மட்டும் மொட்டு திறக்கவே இல்லை, நகத்தால் கீறிப் பார்த்தால் உள்ளே பச்சை இருக்கிறது. குளிர் போதாமல் தூக்கம் கலையாத கிளை அது.

பட்டை எப்போது வெள்ளையாகும்?

மச்சினனும் வாரா வாரம் இதைத்தான் கேட்கிறான், "மாமா, வெள்ளை எப்ப வரும்?" என்று. இளஞ்செடியின் பட்டை பழுப்பும் சிவப்பும் கலந்ததுதான். தண்டு பருத்து, பழைய தோல் உரிய ஆரம்பித்த பிறகே வெள்ளை வரும். அதற்குப் பல வருஷம் ஆகும். பெட்டுலின் என்ற பொருள் பட்டையின் செல்களில் நிறைவதால்தான் அந்த வெள்ளை. தானாக உரியும் தாளை விட்டுவிடுங்கள். அழகுக்காகப் பிடித்து இழுத்தால் உயிருள்ள தோலும் சேர்ந்து வந்துவிடும், அந்த இடம் கறுத்துப் போகும். சுண்ணாம்பு பூசினால் சீக்கிரம் வெள்ளையாகுமே என்று ஒருவர் கேட்டார். ஆகும்தான். அதற்கு எந்த மரமும் போதும்.

கவாத்து, அதாவது கிளை வெட்டுவது, எப்போது செய்வது?

தளிர் விடுவதற்கு முன்னால் வேரிலிருந்து சாறு வேகமாக மேலே ஏறும். அந்த நேரத்தில் வெட்டினால் வெட்டிய இடத்தில் நாள்கணக்கில் சொட்டிக்கொண்டே இருக்கும். மலையில் என்றால் மாசி, பங்குனியில் கத்தரியைத் தொடாதீர்கள். இலை நன்றாக முற்றிய பிறகு, ஆவணிக்கு மேல் செய்யலாம். ஒட்டுச்செடியாக இருந்தால் ஒட்டுக்குக் கீழே முளைக்கும் கிளையை மட்டும் எப்போது பார்த்தாலும் கிள்ளிவிடுங்கள். அதை விட்டுவைத்தால் நேராக மேலே போய், மேலே உள்ள தொங்கு ரகத்தைப் பட்டினி போட்டுவிடும்.

நம்ம நாட்டில் பிர்ச்சே கிடையாதா?

இருக்கிறது, இமயமலையில். பூர்ஜ மரம் என்று கேள்விப்பட்டிருப்பீர்களே, அதுதான். 3,000 மீட்டருக்கு மேலே, மரங்கள் முடிகிற எல்லை வரை நிற்கும். கங்கோத்திரிக்கு மேலே கோமுகம் போகும் வழியில் போஜ்பாசா என்று ஓர் இடம் உண்டு, அந்தப் பெயரே இந்த மரத்தால் வந்தது. நாம் பனை ஓலையில் எழுத்தாணி பிடித்த காலத்தில் காஷ்மீரத்தில் இந்தப் பட்டையில் மை தொட்டு எழுதினார்கள். 1881இல் பெஷாவர் பக்கத்தில் பக்ஷாலி என்ற ஊரில் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த பழைய கணக்குச் சுவடி பூர்ஜப் பட்டைதான். இப்போது ஆக்ஸ்போர்டில் இருக்கிறது.

நம்ம நாட்டு மரம்தானே, நம்ம ஊரில் வராதா என்றால், அந்தக் குளிரை யார் கொடுப்பது?

அப்படியானால் சமவெளியில் அதே தோற்றத்துக்கு என்ன வைக்கலாம்?

முதலில் ஒரு கேள்வி: அந்தப் படத்தில் உங்களுக்குப் பிடித்தது எது? தொங்கும் கிளையா, உரியும் தண்டா, சின்ன இடத்தில் அடங்குவதா? மூன்றும் ஒரே மரத்தில் கிடைக்காது. ஒன்றைச் சொன்னால் நான் செடியைக் காட்டுவேன்.

தொங்கும் கிளை என்றால் பாட்டில் பிரஷ், அதிலும் தொங்கு ரகம். ஆஸ்திரேலியா மரம், நம்ம வெயிலைத் தாங்கும். நாலைந்து மீட்டரில் நிற்கும். பூக்காத நேரத்தில் தூரத்திலிருந்து பார்த்தால் பிர்ச்சின் சாயல் இருக்கிறது என்று திருப்பூர்க்காரர் ஒருவரே ஒத்துக்கொண்டார். பூத்துவிட்டால் சிவப்புப் பிரஷ்ஷும் காலையிலேயே வரும் தேன்சிட்டும், அப்புறம் யாரும் பிர்ச் ஞாபகம் பேசுவதில்லை. பூ முடிந்ததும் காய்ந்த நுனியை வெட்டிவிட்டால் அடர்ந்து வரும்.

உரியும் தண்டு என்றால் என் பதிலைக் கேட்டு எல்லோரும் சிரிக்கிறார்கள்: கொய்யா. வீட்டுக்குப் பின்னால் குப்பை போடும் மூலையில் நிற்பதால் யாரும் அதன் தண்டைப் பார்ப்பதில்லை. ஒற்றைத் தண்டாக விட்டு, இடுப்பு உயரம் வரைக்கும் பக்கக் கிளையைக் கழித்துவிடுங்கள். நாலைந்து வருஷத்தில் பழைய தோல் மெல்லிய சுருளாக உரிந்து, அடியில் வழவழவென்று பச்சையும் இளஞ்சிவப்பும் கலந்த தண்டு தெரியும். மழை பெய்து நனைந்ததும் போய்ப் பாருங்கள், கண்ணாடிக் காகிதம் சுற்றிய மாதிரி இருக்கும். பழம் அணிலுக்குப் போக மீதி உங்களுக்கு.

இரண்டுக்கும் நடுவில் ஒன்று வேண்டுமானால் லாஜர்ஸ்ட்ரோமியா இண்டிகா என்று நர்சரியில் கேளுங்கள். பூமருது மரத்தின் குட்டைச் சொந்தக்காரர். வயசான தண்டில் தோல் உரியும், கோடையில் இளஞ்சிவப்புப் பூ கொத்துக் கொத்தாக வரும்.

யூகலிப்டஸ் தண்டும் வெள்ளைதானே?

மூன்று சென்ட் மனையிலா? வேண்டாங்க.

எங்கள் போர் தண்ணீர் உப்பு. மேலே சொன்னதெல்லாம் தாங்குமா?

கொய்யா ஓரளவு தாங்கும். பாட்டில் பிரஷ் சுண்ணாம்பு மண்ணிலும் உப்புத் தண்ணீரிலும் இரும்புச் சத்து கிடைக்காமல் தளிர் வெளுக்கும். கரும்புக்கும் நிலக்கடலைக்கும் தெளிக்கிறோமே, அதே அன்னபேதி உப்புதான் (இரும்பு சல்பேட்) மருந்து. லிட்டருக்கு 5 கிராம், கூட 1 கிராம் சிட்ரிக் அமிலம், வெயில் தாழ்ந்த பிறகு இலையில் தெளியுங்கள். இரண்டு வாரம் கழித்து இன்னொரு தடவை. குடிக்கிற சிறுவாணித் தண்ணீரைச் செடிக்கு ஊற்றச் சொல்ல எனக்கு மனசு வராது. மழைத் தண்ணீரை ஒரு டிரம்மில் பிடித்து வைத்தால் மாதம் இரண்டு தடவை அதை ஊற்றி வேரடி உப்பைக் கீழே இறக்கலாம்.

செப்டிக் டேங்க், தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் வைக்கலாமா?

பத்தடி தள்ளி வையுங்கள். காம்பவுண்ட் சுவரிலிருந்து குறைந்தது நாலடி. பக்கத்து வீட்டுக்காரருக்குச் சருகு விழுந்தால் வரும் சண்டையையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு.

எந்த மாதத்தில் நடுவது?

நமக்கு நல்ல மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். புரட்டாசிக் கடைசியில் இரண்டடிக் குழி எடுத்து, தொழு உரம் கலந்து ஆறவிட்டு, முதல் மழை நனைத்ததும் நடுங்கள். பலர் ஆடிப் பட்டம் என்று ஆடியிலேயே நடுகிறார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று புதுச் செடியை ஆட்டி ஆட்டி வேர் பிடிக்கவிடாது. ஐப்பசியில் நட்டாலும் அடுத்த ஆடிக்குள் முட்டு வேண்டும். கம்பைச் செடிக்கு மேற்குப் பக்கமாக, வேரில் குத்தாமல் ஒன்றரை அடி தள்ளி ஊன்றுங்கள். காற்று மேற்கிலிருந்து அடிப்பதால் செடி கம்பில் உரசாமல் விலகியே ஆடும். கட்டுவதற்குக் கம்பியும் சணலும் வேண்டாம், தண்டை அறுக்கும். பனியன் வேஸ்ட் துணியை இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து, எட்டுப் போட்ட மாதிரி தளர்வாகச் சுற்றிக் கட்டுங்கள். திருப்பூர்க்காரர்கள் அதை மட்டும் என்னிடம் கேட்பதில்லை, நான்தான் அவர்களிடம் வாங்கிக்கொள்கிறேன்.